ஒரு பல் தவறினால்



பால்மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு நேரத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் வெட்டினால் பால் தாராளமாக வடிகிறது. அதே மரம், அதே கத்தி, அதே கை. ஆனால் வெயில் ஏறிய பிறகு வெட்டினால் கோப்பையில் பால் குறைந்து விடுகிறது. காலைக் குளிர்ச்சியில் மரப்பட்டையின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏற ஏற அது தணிந்து விடுகிறது. மரத்திலும் குறையில்லை, கத்தியிலும் குறையில்லை. நேரம் தவறியதுதான் குறை.

இன்று நம்மில் பலர் செம்பனைக்கும் வேறு வேலைகளுக்கும் மாறி விட்டார்கள். என்றாலும் இந்தப் பாடம் மறக்கக் கூடியதன்று. நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதே பாடம் பொருந்துகிறது. பெட்ரோல் இருக்கிறது, பொறியும் இருக்கிறது, காற்றும் போகிறது. ஆனாலும் எஞ்சின் சரியாக ஓடவில்லை. ஏன்? ஒவ்வொன்றும் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. அதிலும், எஞ்சினின் தலையாகிய சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பழுது பார்த்து மறுபடியும் பூட்டிய பிறகு இந்தக் கோளாறு மிகுதியாகக் காணப்படுகிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச இருக்கிறோம்.

முதலில் நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி விடுகிறோம்.

ஒரு தோட்டத்துக் குடும்பம். வீட்டில் இருப்பது பழைய ஹோண்டா சி 70 ஒன்றுதான். தகப்பனார் விடியற்காலையில் பெரட்டுக்குப் போவதும் அதில்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விடுவதும் அதில்தான். புகை கக்குகிறது, பலம் குறைந்து விட்டது என்று மூத்த மகன் தன் கையாலேயே ஹெட்டைக் கழற்றினான். கரியைச் சுரண்டினான், வால்வுகளைப் பசை வைத்துத் தேய்த்து உட்கார வைத்தான், புதிய வால்வு சீல், புதிய கேஸ்கட் போட்டுப் பூட்டினான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் பழையபடி ஓடவில்லை. பிளக் மாற்றினான். சரியாகவில்லை. காயில் மாற்றினான். சரியாகவில்லை. கடைசியில் கார்புரேட்டரையே புதிதாக வாங்கிப் போட்டார்கள். நாங்கள் போனபோது அந்தத் தாயார் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை.

"சார், எல்லாத்தையும் மாத்திட்டான். மூணாவது கியர்ல வேகமே எடுக்க மாட்டேங்குது. நின்ன இடத்துல தும்முது. இன்னும் ஒரு சாமானும் வாங்க முடியாது சார். இரும்புக்குப் போட்டுறலாம்னு அவரு சொல்லுறாரு."

மகனோ தலையைக் குனிந்து கொண்டு நின்றான். தான் தொட்டதால்தான் மோட்டார் கெட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைப்பது அவனுக்குத் தெரியும். அந்த மோட்டாரில் என்ன கோளாறு இருந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம். அதைப் புரிந்து கொள்ள எஞ்சினின் உள்ளே நடப்பதைச் சற்றுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இவ்வகை எஞ்சினில் பிஸ்டன் நான்கு ஓட்டம் ஓடினால் ஒரு வேலை முடிகிறது. முதல் ஓட்டத்தில் உள்வால்வு திறக்க, பெட்ரோல் கலந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டாவதில் இரண்டு வால்வுகளும் மூடிக் கொள்ள, அந்தக் கலவை நெருக்கப்படுகிறது. மூன்றாவதில் பிளக்கின் பொறியால் தீப்பிடித்து, அந்த வேகத்தில் பிஸ்டன் தள்ளப்படுகிறது. நான்காவதில் வெளிவால்வு திறக்க, எரிந்த புகை வெளியேறுகிறது. இந்த நான்கு ஓட்டங்களுக்குள் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றுகிறது. ஆகவே கீழே இருக்கும் பல்சக்கரத்தைப் போல் மேலே இருக்கும் பல்சக்கரத்துக்கு இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் செயின்.

1958ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்த சூப்பர் கப் மோட்டாரில் இந்தச் செயின் கிடையாது. கீழேயிருந்து கம்பிகள் தள்ளி வால்வுகளைத் திறந்தன. 1960களில் கேம் தண்டை ஹெட்டுக்குள்ளேயே வைத்து, செயினால் சுற்றச் செய்தார்கள். நம் நாட்டில் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கப்படும் மோட்டார்களில் சி 70, பின்னர் 1987இல் வந்த இஎக்ஸ் 5 ஆகியவை இந்த முறையில் அமைந்தவை. எஞ்சின் வேகமாகச் சுற்றுவதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு விலை உண்டு: ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் செயினையும் பல்சக்கரத்தையும் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததைச் சேர்க்கும்போதுதான் நேரம் தவறுகிறது.

எவ்வளவு தவறும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவ்வகை எஞ்சின்களில் பரவலாகக் காணப்படும் 28 பல் கேம் சக்கரத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு முழுச் சுற்று 360 பாகை. அதை 28ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 13 பாகை. கேம் தண்டு 13 பாகை தவறினால் கிராங்க் தண்டின் கணக்கில் அது இரண்டு மடங்கு, ஏறத்தாழ 26 பாகை. கண்ணுக்கு ஒரே ஒரு பல்தான். எஞ்சினுக்கு அது பெரும் பிழை.

பட்டறையில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்ததால்தான் டைமிங் கெட்டது என்று சிலர் சொல்லுவதைக் கேட்டிருக்கிறோம். பரப்பை 0.2 மில்லிமீட்டர் சீவினால் ஹெட் அவ்வளவு தூரம் கீழே இறங்கும். கேம் சிறிது பின்தங்கும் என்பது உண்மையே. ஆனால் அது கிராங்க் கணக்கில் ஒரு பாகை அளவுக்குக்கூட வராது. ஒரு பல் தவறினால் வரும் 26 பாகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே பழியைச் சீவியவர் தலையில் போடுமுன் பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, கோளாறின் அடையாளங்களைக் கவனிப்போம். கேம் முந்திக் கொண்டால், எரிந்த புகை முழுவதும் வெளியேறுமுன்பே உள்வால்வு திறந்து விடும். புகை கார்புரேட்டர் பக்கம் திரும்பும். நின்ற இடத்தில் ஓட்டம் தடுமாறும், தும்மும். வேகம் எடுக்கச் சொன்னால் எடுக்காது. கேம் பின்தங்கினால் வேறு விதம். பிஸ்டன் கலவையை நெருக்கத் தொடங்கிய பிறகும் உள்வால்வு மூடாமல் இருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பி விடும். கிக் அடித்தால் எளிதில் பிடிக்காது. மெதுவாகப் போகும்போதும் ஏற்றத்திலும் மூச்சு வாங்கும். பல பற்கள் தவறி விட்டாலோ, வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொட்டு வால்வு வளைந்து போகக் கூடும்.

இந்த அடையாளங்கள் வேறு கோளாறுகளுக்கும் உண்டு என்பதே சிக்கல். கார்புரேட்டர் அடைத்தாலும் தும்மும். பிளக் கெட்டாலும் வேகம் எடுக்காது. ஆகவே அடையாளத்தைப் பார்த்தவுடன் கடைக்கு ஓடக் கூடாது. ஒரு கேள்வியை முதலில் கேட்டுக் கொள்ள வேண்டும்: "ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இந்தக் கோளாறு இருந்ததா?" இல்லை என்றால், கடைசியாகக் கை வைத்த இடத்தையே முதலில் பார்க்க வேண்டும். நேற்று வரை வேலை செய்த காயில், நாம் ஹெட்டைக் கழற்றிய அதே நாளில் கெட்டுப் போவது அரிது. நாம் கழற்றிப் பூட்டிய செயினில் பிழை இருப்பதுதான் எளிது. இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

இப்போது வேலையைத் தொடங்குவோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மோட்டாரைச் சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். கழற்றும் திருகாணிகளைப் போட்டு வைக்க ஒரு பழைய பால் கோப்பை போதும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கோப்பை என்று வைத்துக் கொண்டால் இன்னும் நல்லது. பெட்ரோல் இருக்கும் இடத்தில் சிகரெட்டோ விளக்கோ அடுப்போ கூடாது. சின்னப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள்.

முதல் சோதனை, அழுத்தம். பிளக்கைக் கழற்றி விட்டு, பிளக் மூடியை எஞ்சினை விட்டு அப்பால் விடாமல், ஒரு பிளக்கைச் செருகி அதன் இரும்பு உடல் எஞ்சினின் மேல் படும்படி, பிளக் ஓட்டைக்குத் தூரமாக வையுங்கள். தீ சுவிட்சு போடாமல், ஓட்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக் கொண்டு இன்னொருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல எஞ்சின் விரலைத் தள்ளி விடும். தள்ளவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது வால்வு நேரம் தப்பி மூடுகிறது. அப்போது ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயைப் பிளக் ஓட்டையில் ஊற்றி மறுபடியும் பாருங்கள். அழுத்தம் கூடினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். கூடவே இல்லை என்றால் வால்வு பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது சோதனை, டேப்பட் இடைவெளி. வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே மயிரிழை போன்ற ஓர் இடைவெளி வேண்டும். சி 70, இஎக்ஸ் 5 போன்ற எஞ்சின்களில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இது 0.05 மில்லிமீட்டர். பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டால் இதை அளக்க வேண்டும். வால்வைப் பசை வைத்துத் தேய்த்தால் அது தன் இருக்கையில் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும், அதன் வால் நுனி ராக்கர் பக்கம் உயரும், இடைவெளி குறையும். இதைப் பலர் மறந்து விடுகிறார்கள். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதும் மூடாது. அழுத்தம் கசியும், சூடு தாங்காமல் வால்வின் விளிம்பு கருகி விடும். அவ்வளவு உழைத்துத் தேய்த்த வால்வு சில வாரங்களிலேயே வீணாகும். இடைவெளி மிகுந்து விட்டாலோ 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கும்; வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாகவே மூடும்.

மூன்றாவதுதான் முக்கியமான சோதனை, அடையாளங்கள். எஞ்சினின் இடப்பக்க மூடியைக் கழற்றினால், பட்டறையில் 'மேக்னெட்' என்று சொல்லும் பெரிய சுழற்சக்கரம் தெரியும். அதன் விளிம்பில் கோடுகளும் ஆங்கில எழுத்துகளும் பொறித்திருக்கும். 'டி' என்ற எழுத்துக்குரிய கோடு, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது. 'எஃப்' என்ற எழுத்துக்குரிய கோடு, பிளக்கில் பொறி விழும் இடத்தைக் காட்டுவது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். ஆகவே எஃப் கோடு முன்னால் வரும், டி கோடு பின்னால் வரும். இரண்டும் அருகருகே இருக்கும். அழுக்குப் படிந்தால் ஒன்றை மற்றொன்று என்று நினைத்து விடுவது மிகவும் எளிது.

பிளக் கழற்றியபடியே இருக்கட்டும். சுழற்சக்கரத்தின் விளிம்பைக் கையால் பிடித்து, இடப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது சுற்றும் திசையும் அதுதான். டி கோடு, எஞ்சின் உடலிலுள்ள அடையாளத்துக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். இப்போது ஹெட்டின் இடப்பக்க மூடியைத் திறந்து பாருங்கள். கேம் பல்சக்கரத்தில் 'ஓ' என்ற சிறு வட்டக் குறி ஒன்று உண்டு. அது ஹெட்டில் வெட்டியிருக்கும் சிறு பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும்.

ஓ குறி எதிர்ப்பக்கத்தில் நின்றால் பயப்பட வேண்டாம். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்று முன்னமே சொன்னோம். ஆகவே சுழற்சக்கரத்தை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடியும் டி கோட்டுக்குக் கொண்டு வந்தால் ஓ குறி தன் இடத்துக்கு வந்து விடும். அப்போது இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்தால் சிறிது ஆடும். டேப்பட் இடைவெளியை அளப்பதும் இந்த நிலையில்தான். ஆனால் டி கோடு நேராக நின்றும் ஓ குறி பள்ளத்துக்குச் சற்று மேலோ கீழோ நின்றால், பல் தவறியிருக்கிறது என்று தெரிந்து கொள்ளலாம்.

திருத்துவது எப்படி? முதலில் செயின் இறங்கும் குழிக்குள் எதுவும் விழுந்து விடாதபடி ஒரு சுத்தமான துணியைச் செருகுங்கள். ஒரே ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் அரைநாள் வேலை வீண். செயினை ஒரு கம்பியால் கட்டிப் பிடித்துக் கொள்ளுங்கள். பிறகு பல்சக்கரத்தின் திருகாணிகளைக் கழற்றி, சக்கரத்தைக் கேம் தண்டிலிருந்து எடுத்து, செயினில் பல்லை மாற்றி வைத்து, ஓ குறி பள்ளத்துக்கு நேராக வரும்படி பூட்டுங்கள். இதைச் செய்யும்போதெல்லாம் டி கோடு அசையக் கூடாது. துணியை மறக்காமல் எடுத்து விடுங்கள்.

வேலை முடிந்து விட்டதென்று உடனே கிக் அடிக்காதீர்கள்! பிளக் இல்லாமலேயே சுழற்சக்கரத்தைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். வழியில் எங்கேனும் இரும்பில் இரும்பு மோதியது போல் கட்டென்று நின்றால் அழுத்தித் தள்ளாதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று பொருள். கையால் சுற்றும்போது தொட்டால் சேதம் இல்லை. காலால் உதைத்தால் வால்வு வளையும். தடையில்லாமல் இரண்டு சுற்று முடிந்ததும் டியும் ஓவும் மறுபடியும் தத்தம் இடத்துக்கு நேராக வந்து நிற்க வேண்டும். தளர்ந்த செயின் முதல் பார்வையில் நம்மை ஏமாற்றி விடும். சுற்றிய பிறகுதான் உண்மை தெரியும். இந்த இரண்டு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எத்தனையோ வால்வுகளைக் காப்பாற்றும் நிமிடம் அது.

நான்காவது, செயினின் இறுக்கம். செயின் தளர்ந்து ஆடாமல் அதை அழுத்திக் கொண்டிருக்க ஒரு சுருள்வில்லும் அழுத்து கோலும் உண்டு. அதோடு செயின் ஓடும் வழியில் ரப்பர் உருளைகளும் உண்டு. ரப்பர் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலும், சுருள்வில் பலமிழந்திருந்தாலும் செயின் 'சளசள' என்று அடிக்கும். குறிகள் சரியாக வைத்தும் ஓட்டத்தில் நேரம் ஆடும். முற்றித் தேய்ந்த செயின் பல்லைத் தாண்டியும் விடும். ஹெட் திறந்திருக்கும்போதே இவற்றைப் பார்த்து மாற்றி விடுவதே சிக்கனம்.

ஐந்தாவது, பொறியின் நேரம். ஹெட்டைக் கழற்றியதால் மட்டும் பொறியின் நேரம் மாறி விடாது. ஏனெனில் சி 70, இஎக்ஸ் 5 மோட்டார்களில் பொறிக்கான ஏற்பாடு கீழே சுழற்சக்கரத்தோடு சேர்ந்தது. அந்தச் சக்கரத்தையும் கழற்றியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சக்கரத்தைத் தண்டோடு சேர்த்து நிறுத்துவது அரைச்சந்திர வடிவமுள்ள ஒரு சிறு இரும்புத் துண்டு. அது நசுங்கினாலோ வெட்டுப்பட்டாலோ சக்கரம் நகர்ந்து விடும். குறிகளே பொய் சொல்லத் தொடங்கும். பழைய சி 70இல் பாயிண்ட் உண்டு. அது முழுதும் திறந்திருக்கும்போது இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். எஃப் கோடு நேராக வரும்போது அது திறக்கத் தொடங்க வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பாயிண்டின் நடுவில் செருகி இலேசாக இழுத்துக் கொண்டே சக்கரத்தைச் சுற்றினால், திறக்கும் கணத்தில் காகிதம் விடுபடுவதைக் கையே உணரும். இடைவெளி மிகுந்தால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். முந்தினால் கிக் திருப்பி அடிக்கும். காலில் காயம் படும். இஎக்ஸ் 5 போன்ற சிடிஐ வகையில் பாயிண்ட் இல்லை. வீட்டில் நாம் திருத்தி வைக்க வேண்டியதும் அங்கே இல்லை.

இந்த ஐந்து சோதனைகளும் முடியும் வரை ஒரு சாமானும் வாங்க வேண்டாம். தேவைப்படுவது ஒரு பீலர் கேஜ், சில ஸ்பேனர்கள், நல்ல வெளிச்சம், பொறுமை. இவ்வளவுதான்.

இனி, அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருவோம். நாங்கள் சுழற்சக்கரத்தின் விளிம்பை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தோம். டி கோட்டை நேராக வைத்து ஹெட் மூடியைத் திறந்தோம். ஓ குறி பள்ளத்தைத் தாண்டி நின்றது. "தம்பி, பூட்டும்போது எந்தக் கோட்டைப் பார்த்து வைத்தாய்?" என்று கேட்டோம். அவன் சக்கரத்தைச் சிறிது பின்னால் சுற்றி, "இதுதான் சார்" என்று விரலை வைத்தான். அது எஃப்! அழுக்கின் அடியில் ஒரு கோடுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதையே உச்சிக் கோடு என்று நம்பி விட்டான். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே கேமைப் பூட்டியதால், கேம் ஒரு பல் முந்திக் கொண்டது.

நாங்கள் அதைத் திருத்தித் தரவில்லை. அருகில் நின்று கொண்டு அவனையே திருத்தச் சொன்னோம். துணியைச் செருகினான், செயினைக் கட்டினான், பல்லை மாற்றினான். இரண்டு சுற்றுக் கையால் சுற்றினான். குறிகள் நேராக வந்தன. பிறகு தகப்பனாரே வந்து கிக் அடித்தார். இரண்டாவது கிக்கில் எஞ்சின் பிடித்தது. தும்மல் இல்லை. அவர் மூன்றாவது கியர் போட்டு ரோட்டு முனை வரை போய்த் திரும்பி வந்தார். மோட்டாரை விட்டு இறங்கி, மகனின் தோளில் கையை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வாங்கிய காயிலுக்கும் கார்புரேட்டருக்கும் போன பணம் திரும்பி வராது. ஆனால் இரும்புக்குப் போக இருந்த மோட்டார் மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போயிற்று.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையன் செய்த வேலையில் பெரும்பகுதி சரியான வேலை. ஒரு கோட்டை மாற்றிப் பார்த்ததுதான் பிழை. "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று ஏசி அவன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கியிருந்தால், அவன் அந்தப் பிழையைத் தெரிந்து கொள்ளாமலே போயிருப்பான். பிழையைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்தியவன் அதை மறுபடியும் செய்ய மாட்டான். பட்டறைத் தொழிலில் தேர்ந்தவர் பலரும் இப்படித்தான் தேர்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு வழியும் இருக்கிறது. நம் நாட்டில் மலேசியத் திறன் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதில் 1, 2, 3 என்று நிலைகள் இருக்கின்றன. அதற்கு மேலும் டிப்ளோமா வரை படிக்கலாம். பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது ஒரு வழி. பல ஆண்டுகள் பட்டறையில் வேலை செய்து அனுபவம் பெற்றவர்கள், அந்த அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டிச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு பட்டணத்துக்குப் போக நேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. வீட்டைத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகலாம். கையில் ஏறிய தொழிலை யாரும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

நேயர்களே, சொன்னதைச் சுருக்கி மீண்டும் ஒரு முறை நினைவுபடுத்துகிறோம். ஹெட்டைப் பழுது பார்த்த பின் எஞ்சின் தகராறு செய்தால், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள். அழுத்தம், டேப்பட், குறிகள், செயினின் இறுக்கம், பொறி என்று வரிசையாகச் சோதியுங்கள். டி வேறு, எஃப் வேறு என்பதை அழுக்கைத் துடைத்து உறுதி செய்து கொள்ளுங்கள். கிக் அடிக்குமுன் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போங்கள்.

பால் வெட்டுக்கு ஒரு நேரம் உண்டு. வால்வு திறப்புக்கும் ஒரு நேரம் உண்டு. நேரத்தை அறிந்து வேலை செய்கிறவர்கள் நாம். அந்த அறிவு நம் வீட்டு எஞ்சினுக்கும் பயன்படட்டும்.